ஆமையின் ஆகாரம்

ஆறென்று சொல்லத்தக்க ஆறு இல்லாத நாடு யாழ்ப்பாணம். மாரி காலத்தில் மட்டும் நீரோடிக் கடலேரியைச் சேரும் வழுக்கையாற்றை நீக்கிவிட்டால், குடாநாட்டு மக்கள் குடித்ததும் குளித்ததும் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைத்ததும் சுண்ணாம்புக்கற் பாறையை வெட்டித் தோண்டிய கிணறுகளின் நீரும், கோயிலருகிலும் வயலருகிலும் எடுத்த குளங்களிலும் கேணிகளிலும் தங்கிய மழைநீருமே ஆகும். இந்த நன்னீர் நிலைகளில் காராமையும் பாலாமையும் வாழ்ந்தன. குடாநாட்டைச் சூழ்ந்த ஆழமற்ற கடலிலே பேராமையும் அழுங்காமையும் பெருந்தலையாமையும் தோணியாமையும் திரிந்தன. ஆமையோடு இவ்வளவு நெருங்கிய சகவாசமுடைய ஒரு சமூகம், அதனை எவ்வாறு உண்பது என்பதை நுட்பமாக அறிந்திருந்ததே தவிர, அது எதை உண்கிறது என்ற கேள்வியை நெடுங்காலம் கேட்கவில்லை என்பதே நான் இங்குச் சொல்லப் புகுந்த விஷயம். மாரியில் வயலோரத்தில் கண்டெடுத்த ஆமைக்குஞ்சு ஒன்று, சட்டி நீரில் கிடந்து, கொடுத்த எதையும் தொடாமல் வாடுவதைப் பார்த்துக் கலங்கிய சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மறுமொழி சொல்லத் தெரிந்த பெரியவர்கள் அரிதாகவே இருந்தார்கள்.

கேள்வி எழவில்லை என்றேனே தவிர, ஆமைக்குஞ்சைத் தமிழர் கவனிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஐங்குறுநூற்றிலே ஓரம்போகியார், பொய்கையில் வாழும் ஆமையின் இளம்பார்ப்பு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்கிறது என்றும், தலைவிக்குத் தலைவன் மார்பு அத்தகையது என்றும் தோழியின் வாயில் வைத்துப் பாடியிருக்கிறார். அகநானூற்றின் 160ஆம் பாட்டிலே, அடும்பங்கொடி படர்ந்த மணலில் ஆமை தன் முட்டைகளைப் புதைப்பதும், குஞ்சு வெளிப்படும் வரை ஆணாமை அவற்றைக் காப்பதும் வருகின்றன. சைவசித்தாந்த மரபிலோ, மீன் பார்வையாலும் ஆமை நினைவாலும் பறவை தீண்டுதலாலும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கச் செய்வன என்று கொண்டு, நயன தீட்சை, மானச தீட்சை, பரிச தீட்சை என்னும் மூன்றுக்கும் அவற்றைத் திருட்டாந்தமாகக் காட்டினார்கள். சித்தாந்தக் கல்வி வேரூன்றிய யாழ்ப்பாணத்தில் இந்த உவமையைக் கேளாத சைவ மாணாக்கன் இருந்திருக்க மாட்டான். உண்மையில் தாயாமை கரையேறி முட்டையிட்டு மூடிவிட்டுப் போனால் திரும்புவதில்லை, தன் குஞ்சின் முகத்தை அது காண்பதுமில்லை, ஆணாமை காவலிருப்பதுமில்லை. ஆயினும், ஊட்டுவார் ஒருவருமின்றி ஒரு குஞ்சு உயிரோடிருக்கிறதே, அஃது எங்ஙனம் என்ற ஆச்சரியம் நம்முடைய புலவர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் இருந்தது. அந்த ஆச்சரியம் மெய்யானது. அதற்கு அவர்கள் கண்ட காரணமே வேறு.

இனிக் கடலாமையின் கதைக்கு வருவோம். பாக்குநீரிணையின் ஆழமற்ற அடித்தரையில் கடற்புல் செழித்து வளர்வதால், அதை மேயும் பேராமை அங்கே மிகுதியாகக் கிடைத்தது. குடாநாட்டில் அதன் இறைச்சிக்கு இருந்த கிராக்கியோ உள்ளூர்ப் பிடிப்போடு அடங்குவதாயில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலே இராமேசுவரம், பாம்பன் பக்கங்களில் பிடித்த ஆமைகளும் உயிரோடு தோணியேறி யாழ்ப்பாணத்துக்கு வந்தன. மல்லாத்திப் போட்ட ஆமை நகர இயலாது. ஆகாரமும் நீரும் இன்றிப் பல நாள் உயிர் தரித்திருக்கும். ஆகவே பனிக்கட்டி இல்லாத காலத்திலே, கெடாமல் தூரதேசம் போகக்கூடிய இறைச்சி அது என்று வணிகர் கண்டுகொண்டார்கள்.

அதற்கும் முந்திய நூற்றாண்டிலேயே இந்த இறைச்சி விற்பனையை விவரித்து எழுதியவர், 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1861இல் வெளியான தம் இயற்கை வரலாற்று நூலிலே அவர் யாழ்ப்பாணத்துச் சந்தைகளைப் பற்றிக் கூறுவதை வாசித்தவர் எளிதில் மறக்கமாட்டார். ஆமையை மல்லாத்தி, நீண்ட கத்தியால் அடியோட்டைச் சுற்றி அறுத்து நீக்கிவிட்டு, உள்ளுறுப்புகள் எல்லாம் அசைந்துகொண்டிருக்கும்போதே, வாங்குவோர் கேட்கும் பாகத்தை வெட்டி நிறுத்துக் கொடுத்தார்கள், வெட்டுபவர் பெரும்பாலும் பெண்கள், துடுப்புக் கால்களும் கொழுப்பும் தசையும் ஒவ்வொன்றாகப் போன பின்னும், மணிக்கணக்காக வெயிலிற் கிடந்த அந்தப் பிராணியின் வாய் மூடித் திறந்தது, கண்கள் இமைத்தன, இருதயமும் தலையும் கடைசியாகவே விலைப்பட்டன. அந்நியர் ஒருவர் நம்மவர் மேல் சுமத்திய பழி இது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தெற்கே அழுங்காமையை நெருப்பின் மேல் தொங்கவிட்டு, முதுகின் ஓடுகள் சூட்டினால் கழன்றதும் கடலில் விட்ட வழக்கத்தையும் அவரே எழுதியிருக்கிறார்.

இந்தக் கொடுமை சாத்தியமானதற்குக் காரணம் ஆமையின் உயிர் மந்தமாக இயங்கும் உயிர் என்பதே. அதன் உடம்பு தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. ஆகையால் பறவைக்கும் மிருகத்துக்கும் வேண்டியதில் சிறு பங்கு ஆகாரமே அதற்குப் போதும். இரத்தம் போனாலும், மூச்சுத் தடைப்பட்டாலும், பசித்தாலும் அது உடனே அடங்கிவிடுவதில்லை. சந்தையில் அதை மணிக்கணக்காகத் துடிக்க வைத்த இதே சுபாவந்தான், வீட்டிலே சட்டிக்குள் கிடந்த குஞ்சின் பட்டினியையும் வளர்ப்பவன் கண்ணுக்கு மறைத்தது. நாய்க்குட்டி ஒருநாள் தின்னாவிட்டால் வீடு முழுவதும் அறியும். ஆமைக்குஞ்சு மூன்று வாரம் தின்னாமலிருந்தாலும் நீந்தும், கழுத்தை நீட்டிப் பார்க்கும், பிறகு ஒருநாள் காலையில் அசையாமற் கிடக்கும்.

கிணற்றாமையின் வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம்மவரிடையே நிலைத்த நம்பிக்கை. வாசற்படிக்குள் வந்த ஆமையைக் கண்டால் அமங்கலம் என்று அஞ்சியவர்களிலேயே சிலர், ஆமை ஒன்றைக் கிணற்றுக்குள் விட்டு வைத்திருந்தார்கள். பூச்சியையும் புழுவையும் பாசியையும் தின்று நீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம். துலாவிற் பட்டை கட்டி இறைத்த காலத்தில், நீர் கலங்கும்போது அடியிலிருந்து எழும்பி முகத்தை மட்டும் காட்டிவிட்டு மறையும் அந்தப் பிராணிக்கு ஒருவரும் இரை போட்டதில்லை. ஆயினும் அது ஆண்டுக்கணக்காக வாழ்ந்தது. முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் சோறும் பாணும் தேங்காய்ப்பூவும் இட்டு, நாளுக்குப் பத்துமுறை கையிலெடுத்துப் பார்த்துச் சீராட்டிய குஞ்சோ சாவது வழக்கமாயிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்து வைத்து யாரேனும் சிந்தித்திருந்தால் மறுமொழி அப்போதே கிடைத்திருக்கும்: கிணற்று நீர் பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருந்தது, ஆழமும் ஒதுங்க இடமும் அமைதியும் இருந்தன, இரை உயிரோடு அசைந்தது.

சாத்திர ரீதியாக நம் ஆமைகளை ஆராய்ந்தவர் பி. இ. பி. தெரணியகல. கொழும்பு அரும்பொருட்சாலையின் பணிப்பாளராக 1939 முதல் 1963 வரை இருந்த அவர், இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றிய பெருநூலை 1939இலேயே வெளியிட்டார். அந்நூலில் சிங்களப் பெயர்களோடு நம் கரையோரத்தார் வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் குறித்து வைத்த அவருக்கு நாம் நன்றியுடையவர்களாயிருத்தல் வேண்டும். கடலாமைக் குஞ்சுகளைத் தாமே வளர்த்து, அவற்றின் வளர்ச்சியை அளந்து பதிவு செய்த முதல்வர்களுள் அவர் ஒருவர்.

அவர் காலத்தவரும் பின்வந்தோரும் கண்ட உண்மைகளில் முதன்மையானது, முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெறும் வயிற்றோடு வருவதில்லை என்பது. மஞ்சட்கருவின் மீதி அதன் உடம்புக்குள்ளேயே இழுக்கப்பட்டிருக்கும். அடியோட்டின் நடுவில் தெரியும் தழும்பு அது நுழைந்த வழி. கடலாமைக் குஞ்சு அந்தச் சேமிப்பைக் கொண்டே இரவும் பகலும் நீந்தி ஆழ்கடலை அடைகிறது; நன்னீர் ஆமைக்குஞ்சு முதல் ஒன்றிரண்டு வாரம் எதையும் நாடாமல் அதைக் கொண்டே காலம் கழிக்கக்கூடும். தாய் திரும்பாமலே குஞ்சு வளர்கிற அதிசயத்துக்குக் காரணம் இதுதான். பிறந்து சில நாளே ஆன குஞ்சு தின்னவில்லையே என்று வாயைத் திறந்து திணிப்பவர், அன்பினால் தீங்கு செய்கிறார்.

அடுத்தது வெப்பம். நம் காராமையின் இலங்கைக் கிளைக்குத் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றை ஒட்டி 1830இல் 'தெர்மாலிஸ்' என்று பெயரிட்டார் லெசன் என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளர். வெந்நீரில் ஆமை வாழ்வது வியப்பாகத் தோன்றலாம். ஆமையை வளர்த்தவருக்கு அது வியப்பாயிராது. வெப்பமில்லாத உடம்பில் சீரணம் நடப்பதில்லை. சீரணம் நடவாத வயிறு பசிப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது ஆழமில்லாத சட்டி நீர் இரவோடு இரவாகக் குளிர்ந்து விடுகிறது. சிறுவர்கள் குஞ்சுகளைக் கண்டெடுப்பதும் பெரும்பாலும் அந்த மாரியை ஒட்டித்தான். பாலாமையின் விஷயம் இன்னும் வேறு. குளங்கள் ஆடி, ஆவணியில் வற்றும்போது அது சேற்றுக்குள் புதைந்து, மழை வரும் வரை உண்ணாமற் கிடக்கும். அந்தப் பருவத்தில் அது இரையை மறுத்தால் அது நோயல்ல, சுபாவம்.

நம் சிறுவர்கள் மட்டுமே இவ்வாறு குஞ்சுகளைச் சாகவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மலிவுக் கடைகள்தோறும் செங்காது ஆமையின் குஞ்சுகளைச் சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தோடு விற்றார்கள். உலர்ந்த பூச்சித் தூளை உணவென்று கொடுத்தார்கள். ஓடு மெலிந்தும் கண் வீங்கியும் அவற்றிற் பெரும்பாலானவை ஓராண்டைக் காணவில்லை. அவற்றைத் தொட்ட பிள்ளைகளுக்கு சல்மொனெல்லா நோய் வந்த பின்னரே, 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனை அங்கே தடுக்கப்பட்டது. ஆமைகளின் துன்பம் அந்தச் சட்டத்துக்குக் காரணமாகவில்லை என்பது எனக்கு வருத்தமே. இலங்கையில், 1937ஆம் ஆண்டின் வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் 1972இல் செய்த திருத்தத்தால் கடலாமைகள் காப்புப் பெற்றன. யாழ்ப்பாணச் சந்தையிலிருந்து ஆமை இறைச்சி வெளிப்படையாக மறைந்தது.

இன்று குடாநாட்டில் ஒரு பிள்ளையின் கையில் உண்ண மறுக்கும் நன்னீர் ஆமைக்குஞ்சு இருக்குமானால், மேற்கூறிய வரலாறே வழி காட்டும். நீர் 25 முதல் 30 செல்சியஸ் பாகை வெப்பத்தில் இருக்கட்டும். நீருக்கு மேலே ஏறி வெயில் காய ஒரு கல்லும், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். கண்ணாடி வழியே வரும் ஒளி போதாது, ஓடு கெட்டிப்பட நேரான வெயில் வேண்டும். நீராமைகள் பெரும்பாலும் நீருக்குள் வைத்தே இரையை விழுங்குவதால், தரையில் வைத்த உணவை அவை தீண்டாததில் வியப்பில்லை. குஞ்சுப் பருவத்தில் இலையைவிட அசையும் இரையையே அவை நாடும்: மண்புழு, உப்பிடாத கூனி இறால், ஓட்டோடு நசுக்கிய சிறு நத்தை. போட்டுவிட்டு அப்பால் போய்விட வேண்டும், பார்த்துக்கொண்டிருந்தால் தின்னாது. ஆமையின் முகத்தையோ நடையையோ பார்த்து அதன் நிலையை ஊகிக்க இயலாதாகையால், பொன் நிறுக்கும் சிறு தராசில் வாரந்தோறும் நிறுத்து எழுதி வைத்தல் நன்று. நிறை குறைந்துகொண்டே போனாலும், கண் வீங்கினாலும், மூக்கில் நீர் வடிந்தாலும், ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தாலும் மிருக வைத்தியரிடம் தாமதமின்றிக் கொண்டு போகவேண்டும். அப்படி ஒன்றும் இல்லாத குஞ்சாயின், எடுத்த குளத்திலேயே, நீர் வற்றுவதற்கு முன், மாரிக்குள் விட்டுவிடலாம்.