கண்டிக் கடைவீதியில் ஒரு நண்பகல்

கண்டிக்கு ஒருநாள் உலாவாக வரும் வெளிநாட்டார் பெரும்பாலும் ஒரே ஒழுங்கையே பின்பற்றுகின்றனர். காலையில் தலதா மாளிகை, அடுத்து வாவிக்கரை, நண்பகலில் சோறும் கறியும், அதன்பின் வெயில் தாழும்வரை தலதா வீதியிலும் கொழும்பு வீதியிலும் கடை பார்த்தல். வாங்குவது குறைவு, பார்ப்பதே அதிகம். தமிழகத்திலிருந்து வரும் நண்பர்களும் இதற்கு விலக்கல்லர். பித்தளை விளக்கையும் வெள்ளித் தட்டையும் கண்ணாடிக்கு வெளியே நின்று மனத்துக்குள் விலை பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கண்டியில் கடை என்பதே பிந்தி வந்த பொருள். அதனை வளர்த்தோரிற் பலர் வெளியிலிருந்து வந்தோர்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், இந்நாட்டிற் சந்தைகளே இல்லை என்று எழுதினார். நகரங்களில் மட்டும் சில கடைகள் இருந்தனவாம். துணி, அரிசி, உப்பு, புகையிலை, மருந்துச் சரக்கு, வாள், செம்பு ஆகியன அங்கே கிடைத்தன. சாதாரண குடிமகன் தன் வீட்டுக்கு ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ முடியாத காலம் அது. இன்று கண்ணாடிக்குள் மின்னும் கைவேலைகளிற் சிறந்தவை அன்று விற்பனைக்குரியனவாக இருக்கவில்லை. அரச பட்டறைகளைச் சேர்ந்த கைவினைஞர், தாம் அனுபவித்த நிலத்துக்கு ஈடாக அவற்றைச் செய்து கொடுத்தனர். இராஜகாரியம் என்னும் அந்த முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. புரவலரை இழந்த அக்கலைகளை ஊரூராகத் தேடிப் பதிவு செய்தவர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளியாயிற்று. அதைப் படித்துவிட்டுக் கடை பார்க்கப் போகிறவருக்கு எதையும் வாங்க மனம் வராது என்பது வேறு கதை.

1739இல் ஆட்சி மதுரைத் தொடர்புடைய நாயக்கர் கைக்கு வந்தது. அரச உறவினர் குடியிருந்த இடத்தில் மலபார் வீதி என்ற பெயர் இன்றும் தங்கியிருக்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர், கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டதையே பெரிதாகச் சொல்வர். ஆனால் அதே ஒப்பந்தம் மன்னனின் ஆண் உறவினர் அனைவரையும் பகைவர் எனப் பிரகடனம் செய்தது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் திரும்பி வருவதையும் தடை செய்தது. ஒரு வீதியின் மக்களை எழுத்து மூலம் துடைத்தெறிந்த ஆவணமாகவும் அதனைப் படிக்கலாம்.

ஆயினும் தமிழ் பேசுவோர் திரும்பவும் வந்தனர். இம்முறை அழைத்தது கோப்பி. ஆளுநர் எட்வேர்ட் பார்ண்ஸ் காலத்திற் கொழும்பிலிருந்து வீதி அமைந்தது. 1867இல் ரயில் வந்தது. மன்னார்க் கரையிலிறங்கிக் காடுகளினூடே நடந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கு அரிசியும் துணியும் வேண்டியிருந்தன. தோட்டங்களுக்கோ கடன் வேண்டியிருந்தது. செட்டிமார் பணத்தோடும் அரிசியோடும், தென்னிந்தியக் கரையோர முஸ்லிம்கள் புடைவையோடும் பலசரக்கோடும் வந்தனர். யாழ்ப்பாணத்தாரும் பின்னர் சேர்ந்துகொண்டனர். நண்பகலில் நாம் தேடிப் போகும் சைவக்கடையும் இந்த வருகைகள் தந்ததே.

இனிச் சொல்லப்போவது கடை பார்ப்போருக்கு உவப்பானதன்று. இன்று கொட்டுகொடெல்ல வீதி எனப்படும் காசல் ஹில் வீதியில், 1915 மே மாத இறுதியில், வெசாக் இரவன்று பள்ளிவாசல் முன்பாக வந்த பக்திப்பாடல் ஊர்வலம் கலவரமாயிற்று. அரிசி விலை ஏறிக் கிடந்த யுத்தகாலம். கரையோர முஸ்லிம் வணிகர் மீதிருந்த மனக்கசப்பு அதற்கு எண்ணெய் வார்த்தது. சில நாட்களிற் கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது. அதன் கொடுமையை எதிர்த்துச் சட்டநிரூபண சபையில் முழங்கியவர் பொன்னம்பலம் இராமநாதன். சிங்களத் தலைவர்களுக்காக அவர் வாதாடியதை நம்மவர் இன்றும் பெருமையோடு சொல்கின்றனர். கடை இழந்த முஸ்லிம்களின் மனத்தில் அது விட்ட வடுவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

1983 ஜூலை 26ஆம் திகதி பிற்பகல், பேராதனை வீதியில் மருந்துக்கடையொன்று முதலில் எரிந்தது. மாலைக்குள் காசல் வீதி, கொழும்பு வீதி, திருகோணமலை வீதி எங்கும் தமிழர் கடைகள் தாக்கப்பட்டன. 68 ஆண்டு இடைவெளியில் அதே காசல் வீதி! 2018 மார்ச்சில் மீண்டும் முஸ்லிம்களின் முறை. திகன, தெல்தெனியப் பகுதிகளிற் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிய, மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று.

ஆகவே, இந்த வீதிகளில் ஒரு கடை பளபளப்பாகப் புதிதாயிருந்தால், அது வளர்ச்சியின் அடையாளமென்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். முன்பு அங்கே என்ன இருந்தது என்று முதியவர் ஒருவரிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள். சிலர் சொல்வார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள்.

திரும்பிச் செல்ல பஸ் பிடிப்போர் மத்திய சந்தையருகே மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காணாமற் போக முடியாது. அகாலத்தில் இறந்த தம் மகனின் நினைவாக ஒரு முஸ்லிம் தந்தை நகருக்குக் கட்டிக் கொடுத்தது அது. 1950 டிசம்பரில் அதனைத் திறந்து வைத்தவர் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க.