ஆகாயத்தைப் பங்கிட்ட வரலாறு

நிலத்துக்கு வேலி உண்டு. நீருக்குக் கரை உண்டு. ஆகாயத்துக்கு எல்லை ஏது என்று கேட்போர் உளர். வானொலி தோன்றிய பின்னர் ஆகாயத்துக்கும் எல்லை வகுக்க நேர்ந்தது. அதனால் வாழ்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் காண்போம்.

1922-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் இசையும் சொற்பொழிவும் பரப்பிய நிலையங்கள் யாவும் 360 மீட்டர் என்னும் ஒரே அலையைக் கையாண்டன. ஓரூரில் பல நிலையங்கள் இருப்பின் அவை முறை வைத்துப் பேசின. நிலையங்கள் பெருகவே, 1923-இல் பத்துக் கிலோசைக்கிளுக்கு ஓர் இடமாக அலைகள் பிரிக்கப்பட்டன.

இவ்விடைவெளி எற்றுக்கு? ஒவ்வொரு நிலையத்தின் ஒலியும் தன் அலையின் இருமருங்கும் சிறிது இடத்தை அடைத்துக்கொள்ளும். ஈரலைகள் நெருங்கின், அவற்றிடையே உள்ள வேறுபாடு சீழ்க்கையாகிக் காதைத் துளைக்கும். மேலும், பகலில் சுற்றுப்புறத்தோடு அடங்கும் அலை, இரவில் வானின் மேலடுக்கிற் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் செல்லும். ஆதலின் இரவிலேயே பூசல் மிகுதி.

1926-இல், நிலையங்களுக்கு அலையை வரையறுத்துக் கட்டாயப்படுத்த அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே பலர் தாம் விரும்பிய அலைக்குத் தாவினர். சில மாதங்களில் 200 புதிய நிலையங்கள் வரை முளைத்தன. கேட்போர் பெற்றது கூச்சலே! இக்கேடு தீர, 1927 பிப்ரவரி 23-இல் புதுச் சட்டம் பிறந்தது. அலை எவர்க்கும் சொந்தச் சொத்தன்று. பொதுநலங் கருதியே உரிமம் வழங்கப்பெறும் என்பது அதன் உயிர்நிலை. பங்கீட்டை நடத்த ஐவர் கொண்ட ஆணைக்குழு அமைந்தது.

1928 நவம்பர் 11 முதல் அக்குழுவின் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 550 முதல் 1500 கிலோசைக்கிள் வரை 96 இடங்கள் வகுக்கப்பட்டன. அவற்றுள் 40 இடங்கள், இரவில் தொலைதூரம் தடையின்றிக் கேட்குமாறு, பெருவலிமை வாய்ந்த நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பாலன பெருமுதல் நிறுவனங்களோடு இணைந்தவை. கல்லூரிகள் நடத்திய சிறு நிலையங்கள் பல நாளடைவில் ஒழிந்தன.

தொழிலாளர்க்குக் கிடைத்தது யாது? சிகாகோ நகரத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு 1926-இல் டபிள்யூ.சி.எப்.எல். என்னும் நிலையத்தை நிறுவியிருந்தது. புதிய பங்கீட்டில் அதற்குப் பகற்பொழுதே கிடைத்தது. பகலெல்லாம் ஆலையில் உழைப்பவன் தன் சங்கத்தின் குரலை எப்பொழுது கேட்பது? சங்கத்தார் சோர்ந்திலர், ஆணைக்குழுவிடமும் சட்டமன்றத்திடமும் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 1932-இல் கூடுதல் உரிமை பெற்றனர்.

நேயர்காள்! பத்துக் கிலோசைக்கிள் என்னும் அளவை இயற்கையின் விதி அறிந்தோர் கணக்கிட்டுச் சொல்லலாம். அவ்விடத்தில் யாரை அமர்த்துவது என்பதோ மனிதர் செய்யும் முடிவு. பொதுச் சொத்தைப் பங்கிடும் மன்றத்தில் உழைப்பவனுக்கும் வாய் இருத்தல் வேண்டும். இல்லையேல், பொதுநலம் என்ற பெயராலேயே அவன் பங்கு பிறர் கைக்குப் போய்விடும்.