ரிவால்வரா, பிஸ்டலா? ஒரு மைக்ரேஷனின் கதை

போன வருஷம் டெக்சாஸிலிருந்து கல்லூரி நண்பன் ஒருவன் போன் பண்ணினான். ஊருக்குக் கொஞ்சம் வெளியே புது வீடு வாங்கியிருக்கிறான். "மச்சி, ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். ரிவால்வர் வாங்கவா, பிஸ்டல் வாங்கவா? நீதான் கண்டதையும் படிச்சுக்கிட்டு இருப்பியே" என்றான். என்.சி.சி.யில் .22 ரைஃபிளால் ஐந்து தோட்டா சுட்டதுதான் என்னுடைய மொத்தத் துப்பாக்கி அனுபவம். "ரெண்டு நாள் டைம் கொடு" என்றேன். ஆறு மாதம் ஆகிவிட்டது.

அவ்வளவு நாள் என்னை உட்கார வைத்தது ஒரு சின்ன தகவல். நியூயார்க் நகரக் காவல்துறை ரிவால்வரிலிருந்து 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாற அனுமதி கொடுத்தது 1993இல். கடைசி ரிவால்வர்கள் பணியிலிருந்து விலக்கப்பட்ட நாள் 2018 ஆகஸ்ட் 31. இடையில் 25 வருஷம்! நான் தொழிலில் பார்த்த எந்த மைக்ரேஷனும் இவ்வளவு இழுத்ததில்லை. பழசைவிடப் புதுசு அவ்வளவு மேல் என்றால், ஏன் இத்தனை தயக்கம்?

முதலில், என்ன வித்தியாசம்?

தமிழில் இரண்டுக்கும் 'கைத்துப்பாக்கி' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். செய்தித்தாள்களும் அப்படித்தான். நம் சினிமாவில் இன்னும் மோசம், ரிவால்வரிலேயே இருபது முறை சுடுவார்கள்.

ரிவால்வரில் குழலுக்குப் பின்னால் சுழலும் உருளை ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் ஆறு அறைகள், அறைக்கு ஒரு தோட்டா. ட்ரிகரை இழுத்தால் உங்கள் விரலின் பலத்தில்தான் உருளை சுழல்கிறது, சுத்தியலும் பின்னால் போய்த் திரும்ப வந்து அடிக்கிறது. அதனால் அந்த இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் பிரச்சினை இல்லை. மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும்.

பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் அடுக்கியிருக்கும். ஒரு தோட்டா வெடிக்கும் விசையிலேயே காலிக்கூடு வெளியே தெறித்து, அடுத்த தோட்டா தானாக அறைக்குள் ஏறிவிடும். விரலுக்கு வேலை குறைவு. தோட்டா அதிகம். தீர்ந்துபோனால் புது மேகசினைச் செருக ஓரிரு நொடிதான்.

இப்படிப் பட்டியல் போட்டால் பிஸ்டல்தான் ஜெயிக்கும். ஆனால் அமெரிக்க போலீஸ் அப்படிப் பட்டியல் போட்டு மாறவில்லை.

ஆறு தோட்டாக் காலம்

நியூயார்க் போலீஸுக்கு ஒரே மாதிரி ரிவால்வர் கொடுத்தவர், பிற்பாடு ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட். நகரக் காவல் ஆணையக் குழுவின் தலைவராக இருந்தபோது 1896இல் .32 கோல்ட் ரிவால்வரைத் தேர்ந்தெடுத்தார். 1899இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் .38 ரிவால்வருக்கு 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்றே பெயர் வைத்து விற்றது. அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு அமெரிக்க போலீஸ்காரர் இடுப்பில் அதுவோ அதன் உறவுக்காரனோதான்.

இத்தனைக்கும் பிஸ்டல் தெரியாத பொருள் இல்லை. அமெரிக்க ராணுவம் 1911இலேயே கோல்ட் .45 பிஸ்டலுக்கு மாறிவிட்டது. ஜெர்மனியில் வால்தர் கம்பெனி 1929இல் போலீஸுக்கென்றே ஒரு பிஸ்டல் செய்தது. ஆனாலும் அமெரிக்க போலீஸ் அசையவில்லை. ராணுவ பிஸ்டலை உடனே சுடும் நிலையில் வைத்திருக்க, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, பூட்டு போட்டு இடுப்பில் சொருக வேண்டும். ரிவால்வருக்கு இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். உருவு, இழு. அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் பயிற்சி மைதானத்துக்குப் போகும் ஒருவருக்கு இது பெரிய விஷயம். பெரிய துறைகளில் முதலில் பிஸ்டலுக்கு மாறியது இல்லினாய் மாநில போலீஸ், 1967இல். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இரண்டு சம்பவங்கள்

1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹால் அருகே, சில நிமிடத் துப்பாக்கிச் சண்டையில் நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸார் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர், காலியான ரிவால்வரில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நெருங்கி வந்து சுடப்பட்டார்.

இதை ஒட்டி ஒரு கதை பல வருஷம் பயிற்சி வகுப்புகளில் ஓடியது. மைதானத்தில் காலிக்கூடுகளைக் கீழே போடாமல் பாக்கெட்டில் போட்டுப் பழகியதால், சாகும் நேரத்திலும் அந்தப் போலீஸ்காரர் கூடுகளைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார் என்று. நானும் முதலில் நம்பிவிட்டேன். வழக்கு ஆவணங்களைத் தேடிப் படித்தவர்கள் பிற்பாடு எழுதியது வேறு: கூடுகள் தரையில்தான் கிடந்தன. நல்ல பாடம் சொல்லும் கதை என்பதால் யாரும் சரிபார்க்கவில்லை.

நியூஹாலுக்குப் பிறகு அந்தத் துறை ரிவால்வரை மாற்றவில்லை. ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் உள்ளே இறக்கும் 'ஸ்பீட்லோடர்' என்ற கருவியைக் கொடுத்தது. அதாவது, குறைக்கு மட்டும் ஒரு பேட்ச்.

அடுத்தது 1986 ஏப்ரல் 11, மியாமி. இரண்டு வங்கிக் கொள்ளையரை எஃப்.பி.ஐ.யின் எட்டு பேர் காரில் மடக்கினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் சுமார் 145 குண்டுகள் பறந்தன. இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். கொள்ளையர் இருவரும் செத்தார்கள்.

'ரிவால்வர் காலம் முடிந்தது' என்று சொல்பவர்கள் எல்லோரும் சுட்டிக்காட்டுவது இந்தச் சம்பவத்தைத்தான். அதில் உண்மை உண்டு. கையில் குண்டடி பட்ட ஏஜென்ட்டால் தன் ரிவால்வரில் மறுபடி தோட்டா போட முடியவில்லை. ஆனால் முழு விவரத்தையும் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறந்த ஏஜென்ட்கள் இருவர் கையிலும் இருந்தது ரிவால்வர் அல்ல, 9 மி.மீ. பிஸ்டல். ஒருவருடைய பிஸ்டல் எதிரியின் குண்டு பட்டே சேதமானது. கடைசியில் சண்டையை முடித்தது, ஒரு கை செயலிழந்த நிலையில் எட்மண்டோ மிரேலெஸ் என்ற ஏஜென்ட் சுட்ட ரிவால்வர்!

அப்படியானால் தோல்விக்குக் காரணம் என்ன? கொள்ளையரில் ஒருவன் கையில் ரூகர் மினி-14 ரைஃபிள் இருந்தது. ஏஜென்ட்கள் போட்டிருந்த மெல்லிய கவச உடை அதற்குத் தாங்காது. கார் மோதிய வேகத்தில் சிலருடைய துப்பாக்கியே கைநழுவிப் போனது. பிஸ்டல் குண்டு ஒன்று அந்த ரைஃபிள்காரனின் கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது.

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பெரிய அவுட்டேஜ் ஆனால் மறுநாள் மூலகாரணம் தேடும் மீட்டிங். திட்டமிடல், பயிற்சி, தகவல் தொடர்பு என்று ஏழெட்டு காரணம் இருக்கும். கடைசியில் எது சுலபமாக வாங்கி மாற்றக்கூடிய பாகமோ, அதுவே மூலகாரணமாகிவிடும். எஃப்.பி.ஐ. முதலில் 10 மி.மீ. பிஸ்டலுக்குப் போனது, அப்புறம் .40, கடைசியில் 2016இல் மறுபடி 9 மி.மீ. முப்பது வருஷம் சுற்றி அதே இடம். ஒன்றைச் சொல்ல வேண்டும், அதற்குள் 9 மி.மீ. குண்டின் வடிவமைப்பு நன்றாக முன்னேறியிருந்தது.

புதுத் துப்பாக்கி, பழைய விரல்

சரியாக அந்த நேரத்தில் சந்தைக்கு வந்தது ஆஸ்திரியாவின் க்ளாக். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட பிஸ்டல். உடல் பகுதி பிளாஸ்டிக், 17 தோட்டா. தனியாகப் பூட்டு எதுவும் கிடையாது. ரிவால்வர் மாதிரியே உருவு, இழு. ஆனால் ரிவால்வரின் இழுப்புக்கு சுமார் 5 கிலோ பலம் வேண்டும் என்றால், இதற்கு சுமார் இரண்டரை கிலோ போதும். இழுக்கும் தூரமும் குறைவு.

தலைநகர் வாஷிங்டன் போலீஸ் 1980களின் இறுதியில் க்ளாக்குக்கு மாறியது. பத்து வருஷம் கழித்து வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் கணக்கெடுத்தபோது, தவறுதலாக வெடித்த சம்பவங்கள் மட்டும் 120க்கு மேல். சக போலீஸார், பொதுமக்கள், தங்கள் சொந்தக் கால் என்று சுட்டிருந்தார்கள். கட்டாயப் பயிற்சிக்கே பலர் போகவில்லை என்பதும் வெளிவந்தது. அந்தத் தொடருக்கு 1999இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

க்ளாக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய முதலில் ட்ரிகரை இழுத்தாக வேண்டும். மேகசினை எடுத்துவிட்டோமே, காலிதான் என்று நினைத்து இழுப்பார்கள். அறைக்குள் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். ரிவால்வரில் உருளையைத் திறந்தால் இருப்பது அத்தனையும் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே என் கதை ஒன்று. பல வருஷம் முன்னால் ஒரு கம்பெனியின் பழைய பில்லிங் மென்பொருளை மாற்றினோம். பழையதில் ஒரு பதிவை அழிக்க மூன்று திரை தாண்ட வேண்டும். எல்லோரும் திட்டுவார்கள். நாங்கள் ஒரே க்ளிக்கில் செய்து கொடுத்தோம், கைதட்டினார்கள். முதல் வாரத்திலேயே அழியக்கூடாத பதிவுகள் அழிந்தன. அந்த மூன்று திரைதான் பழைய சிஸ்டத்தின் பாதுகாப்பு என்பது எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. அவசரமாக 'நிச்சயமா?' என்று கேட்கும் பெட்டி ஒன்றைச் சேர்த்தோம். கொஞ்ச நாளில் எல்லோரும் அதைப் படிக்காமலே தட்டப் பழகிவிட்டார்கள்.

நியூயார்க் செய்ததும் இதுதான். க்ளாக்கை வாங்கி, சுமார் 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோ இழுப்பு வேண்டும்படி ட்ரிகரை இறுக்கியது. அதற்கு 'நியூயார்க் ட்ரிகர்' என்றே பெயர் வந்துவிட்டது. புதுத் துப்பாக்கிக்குள் பழைய ரிவால்வரை ஒளித்துவைத்த மாதிரி.

விளைவு? ராண்ட் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1998 முதல் 2006 வரை நியூயார்க் போலீஸ் ஈடுபட்ட துப்பாக்கிச் சண்டைகளில் இலக்கைத் தாக்கிய குண்டுகள் சராசரியாக 18 சதவீதம். இறுக்கமான ட்ரிகர் குறியைக் கெடுக்கிறதா என்பதையும் அந்த ஆய்வு எழுப்பியது. 2012இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால், கொலை செய்துவிட்டு வந்தவனை நோக்கி இரண்டு போலீஸார் 16 குண்டு சுட்டார்கள். அவன் செத்தான். கூடவே வழிப்போக்கர் ஒன்பது பேருக்குக் காயம், அத்தனையும் போலீஸ் குண்டாலும் அதன் சிதறலாலும்.

அதற்கும் முன்னால் ஒன்று. 1999 பிப்ரவரி 4, பிராங்ஸ். கினியா நாட்டிலிருந்து வந்த 23 வயது அமடு டியாலோ தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். பர்ஸை எடுத்ததைத் துப்பாக்கி என்று நினைத்து நான்கு போலீஸார் சுட்டார்கள். மொத்தம் 41 குண்டு, 19 அவர் மேல் பட்டன. அவரிடம் ஆயுதமே இல்லை. நால்வரும் அடுத்த ஆண்டு விடுதலையானார்கள்.

41 என்பது 16, 16, 5, 4. இருவர் தங்கள் மேகசினை முழுசாகக் காலி செய்திருந்தார்கள். நால்வரிடமும் ஆறு தோட்டா ரிவால்வர் இருந்திருந்தால் 6, 6, 5, 4 என்று 21இல் நின்றிருக்கும். 21 குண்டுக்கு அவர் பிழைத்திருப்பாரா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பர்ஸைத் துப்பாக்கியாகப் பார்த்த கண்ணை எந்த மாடலும் திருத்தாது. ஆனால் ஆறாவதுக்குப் பிறகு கை நின்றே ஆக வேண்டிய ஒரு இடைவெளி பழைய கருவிக்குள் இருந்தது. நியூஹாலில் போலீஸ்காரரைக் கொன்றதும் அதே இடைவெளிதான்.

வீட்டு அலமாரியில்

போலீஸ் மாறியதும் பொதுமக்களும் பின்னாலேயே போனார்கள். இன்று அமெரிக்காவில் விற்கும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பகுதி பிஸ்டல்தான். அந்தப் பழைய விபத்தும் கூடவே வீட்டுக்குள் வந்தது. 2007 முதல் கலிபோர்னியா, சந்தைக்கு வரும் புது மாடல் பிஸ்டல்களில், அறையில் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளமும், மேகசினை எடுத்தால் சுடாதபடி ஓர் அமைப்பும் வேண்டும் என்று சட்டம் போட்டது.

நம் நாட்டில் 9 மி.மீ. தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் கிடைத்தவர்கள் வாங்குவது பெரும்பாலும் .32. 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பெண்களின் தற்காப்புக்கு என்று 'நிர்பீக்' என்ற ஒன்றை வெளியிட்டது. எடை அரை கிலோ, விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். அந்தக் காலத்திலும் புதிதாக வடிவமைத்தது ரிவால்வர்தான். பயிற்சி அதிகம் இல்லாத கைகளுக்கு எது என்று யோசித்தால் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து நண்பனைக் கூப்பிட்டேன். எந்த மாடல் என்று நான் சொல்லவில்லை. "வருஷத்துக்கு எத்தனை நாள் பயிற்சிக்குப் போவே?" என்று கேட்டேன். "வேலைக்கு நடுவுல எங்கடா, ஒரு தடவை போனாலே பெருசு" என்றான்.

"அப்ப பிஸ்டல் வேண்டாம். ரிவால்வரும் குழந்தை கைக்கு எட்டினா அதே ஆபத்துதான். நம்ம பசங்க ரெண்டு கையாலயும் சேர்ந்து இழுத்தா அஞ்சு கிலோ ஒண்ணும் பெருசில்ல. பூட்டு போட்ட பெட்டி முதல்ல வாங்கு. மீதியை அப்புறம் பேசலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. அவன் சின்னவளுக்கு அப்போது நாலு வயசு. "பெட்டிக்கு லிங்க் அனுப்பு மச்சி" என்றான். அனுப்பினேன். பெட்டி வாங்கிவிட்டான். இந்தப் பதிவை எழுதும் இன்றைக்கு வரை, உள்ளே பாஸ்போர்ட்டும் வீட்டுப் பத்திரமும்தான் இருக்கின்றன.