மிடி வந்தது, ஸ்டூடியோ வீட்டுக்கு வந்தது!

ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் பாட்டு ரெக்கார்டிங் என்றால் பெரிய ஹால் வேண்டும். வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக வாசிப்பார்கள். ஒருவர் தாளம் தப்பினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து!

இதை மாற்றியது 1983-ல் வந்த மிடி. அமெரிக்கர் டேவ் ஸ்மித்தும் ஜப்பானியர் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று கொண்டுவந்தது. இதில் பதிவாவது ஒலி அல்ல. எந்த ட்ரம், எப்போது, 127 படிகளில் எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டுமே. தப்பிய அடியை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். 1989-ல் ஏ.ஆர்.ரகுமான் வீட்டிலேயே பஞ்சதன் ஸ்டூடியோ அமைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது, தேசிய விருதும் கிடைத்தது.

இழப்பும் உண்டு. வாசித்துப் பிழைத்த பலருக்கு வாய்ப்பு குறைந்தது. ஆனால் எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் விழுந்தால் பாட்டு கடிகாரம் மாதிரிதான் கேட்கும். ரகுமானே சிவமணியை வாசிக்க அழைத்தாரே!

இன்று கொல்லிமலையில் இருப்பவர்கூட 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்காமல், லேப்டாப்பிலேயே ட்ரம்ஸ் போடலாம். தாளம் மட்டும் அவரிடம்தான் இருக்க வேண்டும். அதை எந்த சாஃப்ட்வேரும் தராது!