காசநோய் தடுப்பூசி புற்றுநோய்க்கு மருந்தான கதை

உங்க இடது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன வட்டத் தழும்பு இருக்கா பாருங்க. பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு அது. (ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரியம்மைத் தழும்பும் இருக்கலாம். அது வேற.)

இந்த ஊசிக்குள் இருக்கும் அதே கிருமியைத்தான் இன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாகவும் கொடுக்கிறோம். காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? வாங்க, நூறு வருஷம் பின்னாடி போவோம். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

1908. பிரான்ஸ் நாட்டின் லீல் நகரம். ஆல்பர்ட் கால்மெட், கமீல் குவெரின் என்று இரண்டு பேர், மாட்டுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியை எடுத்து, பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கில் வளர்க்கிறார்கள். சில வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுக் கிழங்குக்கு மாற்றுவார்கள். முதல் உலகப்போர் நடந்தபோதும் நிறுத்தவில்லை. 13 வருஷம், சுமார் 230 முறை! கடைசியில் கிருமி உயிரோடு இருந்தது, ஆனால் நோய் உண்டாக்கும் வீரியம் போயிருந்தது. 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். பிசிஜி என்ற பெயரில் அந்த இருவரின் பெயரும் ஒளிந்திருக்கிறது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1948-இல் சென்னை கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் ஆய்வகம் தொடங்கியது. நாடு முழுக்க ஊசி போட ஆரம்பித்தார்கள். எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர் யார் தெரியுமா? ராஜாஜி! 1955-இல் பிசிஜியை ஏன் எதிர்க்கிறேன் என்று தனிப் புத்தகமே போட்டார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைக்குள் ஏன் செலுத்த வேண்டும், பலன் தரும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்பது அவர் வாதம்.

கிருமி பற்றிய பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் பலனுக்கு ஆதாரம் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கான பதிலும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது.

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், உலகின் மிகப்பெரிய பிசிஜி ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. ஏறத்தாழ 3,60,000 மக்கள் வாழ்ந்த பகுதி. வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஒரு பிரிவினருக்குப் பிசிஜி, இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. அப்புறம் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள்.

1979-இல் முதல் முடிவு வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை. 15 வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அதே பதில்தான்.

எவ்வளவு பெரிய ஏமாற்றம் யோசிச்சுப் பாருங்க. ஆனால் யாரும் முடிவை மறைக்கவில்லை, அப்படியே வெளியிட்டார்கள். "தடுப்பூசி விஷயத்தில் உண்மையைச் சொல்லவே மாட்டாங்க" என்று ஃபார்வர்டு அனுப்புபவர்களிடம் இந்தச் செங்கல்பட்டுக் கதையைச் சொல்லுங்க.

அப்போ குழந்தைக்கு ஏன் இன்னும் போடுகிறோம்? கைக்குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடல் முழுக்கப் பரவும் காசநோயையும் பிசிஜி நன்றாகத் தடுக்கிறது. அதனால்தான். தயவுசெய்து யாரும் தவிர்த்துடாதீங்க.

இனி புற்றுநோய். 1929-இல் அமெரிக்காவில் ரேமண்ட் பேர்ல் என்பவர் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைப் புரட்டும்போது ஒன்றைக் கவனித்தார். காசநோய் இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவாக இருந்தது. 1959-இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டு குழுவினர், பிசிஜி செலுத்திய எலிகள் புற்றுக்கட்டியை எதிர்த்து நிற்பதைக் காட்டினார்கள்.

1976-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் ஆல்வாரோ மொராலஸ் என்ற மருத்துவர், 9 நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் குழாய் வழியாகப் பிசிஜியைச் செலுத்தி, கட்டி திரும்ப வருவது குறைந்ததை வெளியிட்டார். வாரம் ஒன்று, ஆறு வாரம். ஏன் ஆறு? அவருக்குக் கிடைத்த மருந்து ஆறு குப்பிகளாக வந்தது, அவ்வளவுதான்! இன்றும் முதல் சுற்றுக்கு உலகம் முழுக்க அதே ஆறு வாரக் கணக்குதான். 1990-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது.

இது எப்படி வேலை செய்யுது? புற்றுச் செல் நம்ம சொந்தச் செல்லிலிருந்து உருவானது. அதனால் எதிர்ப்புச் சக்தி பல நேரம் அதைக் கண்டுகொள்ளாது. பிசிஜி உள்ளே போனதும் சிறுநீர்ப்பையின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். "அந்நியன் வந்துட்டான்" என்று உடம்பு அபாயச் சங்கு ஊதும். வெள்ளையணுக்கள் படையாக வந்து இறங்கும். வந்த படை கிருமியை மட்டும் அடிப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் புற்றுச் செல்லையும் சேர்த்து அடிக்கிறது.

ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. புற்று சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்காமல் மேல்பகுதியிலேயே இருக்கணும். முதலில் கருவி விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்து, அதற்குப் பிறகுதான் பிசிஜி. எரிச்சல், லேசான காய்ச்சல் வரலாம். கடுமையான காய்ச்சல் நீடித்தால் உடனே மருத்துவரைப் பார்க்கணும். உள்ளே போனது உயிருள்ள கிருமி, அபூர்வமாக உடம்பில் பரவலாம். இன்னொன்று, கையில் தழும்பு இருப்பதால் இந்தப் புற்றுநோய் வராது என்று அர்த்தம் இல்லை.

இவ்வளவு கதையும் எதுக்குச் சொல்றேன்? எங்க திண்டுக்கல் சுருட்டுக்கும் புகையிலைக்கும் பேர் போன ஊர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் புகைப்பது. உறிஞ்சிய நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வடிந்து, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்குகிறது. இதன் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போவது.

எங்க ஓபியில் அடிக்கடி கேட்கும் வார்த்தை: "ரெண்டு நாள் சிவப்பா போச்சு டாக்டர், சூடுன்னு இளநீர் குடிச்சேன், நின்னுருச்சு." நின்றது இளநீரால் அல்ல. இந்தப் புற்றில் ரத்தம் தானாக நின்று, மாசக்கணக்கில் கழித்துத் திரும்ப வரும். அந்த இடைவெளியில் கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் பிசிஜி உதவாது. சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டி வரலாம்.

அதனால் ஒரே ஒருமுறை என்றாலும், வலி இல்லை என்றாலும், சிறுநீரில் ரத்தம் கண்டால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க. சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள். கல்லோ கிருமித் தொற்றோ என்றால் அதற்கு வைத்தியம். புற்று என்றால், சீக்கிரம் வந்தவருக்குக் கையில் வலுவான ஆயுதம் இருக்கிறது.

வீட்டில் பீடி, சிகரெட், சுருட்டு பிடிக்கும் அப்பா, தாத்தா, சித்தப்பா யாராவது இருந்தால் இதைப் படிச்சுக் காட்டுங்க. முக்கியமா அந்த இளநீர் சமாச்சாரத்தை.