ஒளிந்திருக்கும் கசிவு: லிவர்பூல் முதல் சூளகிரி வரை

குளியலறைச் சுவரில் பெயின்ட் உப்பி உதிர்ந்தால் பல வீடுகளில் முதலில் வருபவர் பெயின்டர். பிளம்பர் கடைசியில்தான்! சுவருக்குள் ஒளிந்திருக்கும் கசிவைப் பிடிக்கும் வித்தைக்குச் சுவையான ஒரு வரலாறு உண்டு.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வீணாவது பெரிய தலைவலி. அங்கே பொறியாளராக இருந்த ஜார்ஜ் டீக்கன் 1873இல் ஒரு மீட்டரைக் கொண்டுவந்தார். குழாயில் ஓடும் நீரின் அளவை, கடிகார விசையில் சுழலும் காகிதத்தில் அதுவே கோடாக வரையும். நள்ளிரவில் ஊரே தூங்குகிறது, யாரும் குளிப்பதில்லை. அப்போதும் கோடு இறங்கவில்லை என்றால்...? எங்கோ ஒழுகுகிறது! பிறகு ஊழியர்கள் வால்வு திருகும் இரும்புக் கம்பியில் காதை வைத்துக் கேட்டே இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இனி சூளகிரிக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரியிலிருந்து மேடேறி வரும் அந்தத் தண்ணீர், ஃபிளஷ் தொட்டியில் தேய்ந்துபோன வாஷர் வழியே சத்தமில்லாமல் போனால்?

டீக்கனின் தந்திரத்துக்கு வீட்டில் மீட்டர்கூட வேண்டாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டிக்கு நீர் ஏற்றாமல், மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடர் போடுங்கள். அரை மணியில் கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷரை மாற்றினால் போதும். நிறம் வரவில்லை, மட்டம் மட்டும் இறங்குகிறதா? சுவருக்குள் போகும் லைனைச் சந்தேகப்படுங்கள். அது பழைய ஜி.ஐ. குழாயாக இருந்து துருவும் பிடித்திருந்தால், ஓரிடத்தில் ஒட்டுப்போட்டு மூடியதும் அடுத்த மூட்டில் ஒழுக ஆரம்பிக்கும்.