எய்தவன் இருக்க

ஒரு நாட்டின் எல்லையை அனுமதியின்றிக் கடந்து வந்து, வயலிலோ ஆலையிலோ கூலிக்கு உழைக்கும் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். சட்டத்தின் முன் அவன் குற்றவாளி. அவனுக்கு வேலை கொடுத்து, அவன் உழைப்பால் ஆதாயம் அடைந்த முதலாளியின் நிலை யாது? இக்கேள்விக்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாடு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் நாட்டுப் பழமொழி. எய்தவன்மீது சட்டத்தின் பார்வை விழாமற் போனது எவ்வாறு என்பதை அந்த வரலாறு நமக்குக் காட்டுகிறது. சொந்த மாநிலத்தை விட்டு வேற்று மாநிலங்களில் உழைத்து வாழும் நேயர்களுக்கு அது பயன் தரும் வரலாறாகும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் பண்ணைகளில் ஆள் பஞ்சம் ஏற்பட்டது. 1942 ஆகஸ்டில் மெக்சிகோ நாட்டுடன் ஓர் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. அதன்படி வந்த தொழிலாளரைப் 'பிராசெரோ' என்றனர். கைகளால் உழைப்பவன் என்பது அந்த ஸ்பானியச் சொல்லின் கருத்து. 1964ஆம் ஆண்டு முடியும்வரை நீடித்த இவ்வேற்பாட்டில் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. குறித்த கூலி, தங்குமிடம், பயணச் செலவு ஆகியவை அவ்வொப்பந்தங்களில் இடம் பெற்றிருந்தன. நடைமுறையில் அவை பலமுறை மீறப்பட்டன என்பது வேறு செய்தி. ஆனால், ஒப்பந்தமே இல்லாமல் எல்லையைக் கடந்து வந்தவனுக்கு முறையிட்டுக்கொள்ள ஒரு காகிதமும் இல்லை. கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு வாய் மூடி இருப்பான் என்பதனாலேயே பல பண்ணை முதலாளிகள் அவனை விரும்பினர்.

இந்த நிலையை ஆராய ஜனாதிபதி ட்ரூமன் ஒரு குழுவை நியமித்தார். அனுமதியின்றி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதையே சட்ட விரோதமாக்க வேண்டும் என்று 1951இல் அக்குழு கூறியது. மறு ஆண்டு, 1952 மார்ச்சில், ஒரு சட்டம் பிறந்தது. அனுமதியின்றி வந்தவனுக்கு மறைவிடம் அளிப்போருக்கு 2,000 டாலர்வரை அபராதமும் 5 ஆண்டுவரை சிறையும் விதிக்க அது வழி செய்தது. ஆனால், வேலை கொடுப்பது மறைவிடம் அளித்தலாகாது என்று ஒரு விதிவிலக்கும் அதிலேயே சேர்க்கப்பட்டது. டெக்சாஸ் பண்ணையாரின் நலனுக்காகச் சேர்ந்தமையால் இதற்கு 'டெக்சாஸ் விலக்கு' என்று பெயர் வழங்கலாயிற்று. அறிந்தே வேலை கொடுப்போரையாவது தண்டிக்க வேண்டும் என்று செனட் உறுப்பினர் பால் டக்ளஸ் கொண்டுவந்த திருத்தம் தோற்றது.

இதன் விளைவை 1954இல் காணலாம். அவ்வாண்டு கோடையில் குடியேற்ற இலாகா எல்லை மாநிலங்களில் பெரும் வேட்டை ஒன்றை நடத்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர் என்று இலாகா கூறிக்கொண்டது. அக்கணக்கு மிகைப்பட்டது என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ரயிலிலும் லாரியிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் தொழிலாளர்களே. அவர்களை வேலைக்கு வைத்திருந்தோரைச் சட்டம் தீண்ட இயலவில்லை. அவர்களுக்கு வேண்டிய ஆட்கள் பிராசெரோ ஒப்பந்தத்தின் வழியே தாராளமாகக் கிடைத்தனர்.

விதிவிலக்கை நீக்கும் முயற்சி எளிதில் பலிக்கவில்லை. முதலாளியைத் தண்டிக்கும் மசோதா 1972இலும் 1973இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், செனட் சபையில் மேலே செல்லவில்லை. அங்கே அம்மசோதாவை ஆராய வேண்டிய நீதித்துறைக் குழுவின் தலைவர் ஈஸ்ட்லண்ட், தாமே மிசிசிபி மாநிலத்தில் பெரும் பருத்திப் பண்ணைக்கு உரியவர்! இதற்கிடையே கலிபோர்னியா மாநிலம் 1971இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. மாநிலங்கள் இவ்வாறு சட்டமியற்றத் தடையில்லை என்று 1976இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இறுதியாக 1986 நவம்பர் 6ஆம் தேதி ஜனாதிபதி ரீகன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். டெக்சாஸ் விலக்கு நீங்கியது. ஏற்கெனவே நாட்டில் வாழ்ந்துவந்தவர்களில் சுமார் 27 லட்சம் பேர் நாளடைவில் குடியுரிமைக்கு முற்படியான அனுமதி பெற்றனர். அனுமதியற்றவர் என்று அறிந்தே வேலை கொடுக்கும் முதலாளி, முதற் குற்றத்துக்கு ஆள் ஒன்றுக்கு 250 முதல் 2,000 டாலர்வரை அபராதம் செலுத்த வேண்டும் என்று 1986இல் அச்சட்டம் விதித்தது. குற்றம் வழக்கமாகிவிட்டால் சிறையும் உண்டு.

நாடு முழுதும் எதிர்பார்த்த இச்சட்டம் ஏன் பல்லிழந்தது? விடை 'அறிந்தே' என்ற ஒரு சொல்லில் இருந்தது. வேலைக்கு வருபவன் காட்டும் பத்திரம் பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் போதும். முதலாளி தம் கடமையைச் செய்தவராவார். போலிப் பத்திர வியாபாரம் செழித்தது. இடைத்தரகர் மூலம் ஆள் எடுத்தால், அறியேன் என்று சொல்வது மேலும் எளிதாயிற்று. முதலாளியின் இக்கட்டையும் நாம் மறக்கலாகாது. அளவுக்கு மீறிப் பத்திரம் கேட்டால் பாரபட்சம் என்ற குற்றம் அவர்மீது வரும். அக்கவலைக்குக் காரணமும் இருந்தது. சட்டம் வந்தபின் முதலாளிகளில் சுமார் 19 சதவிகிதம் பேர் பாரபட்சமான வழக்கங்களை மேற்கொண்டனர் என்று 1990இல் காங்கிரசின் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அயல்நாட்டு முகமும் அயல்மொழி உச்சரிப்பும் உடைய குடிமக்களுங்கூட அதனால் வேலை இழந்தனர்.

சட்டத்தைச் செயற்படுத்துவதிலும் உறுதி இல்லை. 1998 மே மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் வெங்காய அறுவடை நடந்துகொண்டிருந்தபோது குடியேற்ற அதிகாரிகள் வயல்களிற் புகுந்தனர். தொழிலாளர் ஓடினர், அறுவடை நின்றது. அம்மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர்கள் உடனே கண்டனக் கடிதம் எழுதினர். அறுவடை முடியும்வரை சோதனை தளர்ந்தது. 1999ஆம் நிதியாண்டில் முதலாளிகளுக்கு அனுப்பப்பட்ட அபராத நோட்டீஸ்கள் 417. 2004இல் நாடு முழுவதற்கும் வெறும் 3.

பின்னர் வேட்டை மீண்டும் தொடங்கியபோது, 2008 மே 12ஆம் தேதி அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்னும் சிற்றூரில் ஓர் இறைச்சி ஆலை வளைக்கப்பட்டது. கைதானோர் 389 பேர். பெரும்பாலோர் குவாட்டமாலா நாட்டினர். மாட்டுச் சந்தைத் திடல் ஒன்றே அவர்களுக்கு நீதிமன்றமாயிற்று. அடையாளத் திருட்டு என்ற வழக்குக்கும் அதற்குரிய 2 ஆண்டுக் கட்டாயச் சிறைக்கும் அஞ்சி, பெரும்பாலோர் சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 மாதச் சிறை ஏற்றனர். தான் காட்டும் எண் வேறொருவருடையது என்று அறிந்திருந்தால்தான் அடையாளத் திருட்டுக் குற்றம் பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டு மறு ஆண்டு மே மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்கள் சிறைவாசம் முடிந்துவிட்டது. அந்த ஆலை நிர்வாகி தண்டனை பெற்றது வங்கி மோசடிக்காக. அவர்மீதிருந்த குடியேற்றக் குற்றச்சாட்டுகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. தொழிலாளிக்கு 'அறிந்தே' என்ற கேடயம் காலங்கடந்து கிடைத்தது. முதலாளிக்கு அது சட்டத்தோடே பிறந்தது.

பத்திரத்தை மட்டும் பார்த்துக் கூலியைப் பாராத சட்டம் இவ்வாறுதான் முடியும். குறைந்த கூலிக்கு ஆள் வைப்பதில் ஆதாயம் இருக்கும்வரை அந்த ஆளைத் தேடுவோரும் இருப்பர். பத்திரம் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே கூலி கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலையில் அந்த ஆதாயம் அற்றுப்போகும். செய்து முடித்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி பெறும் உரிமை அமெரிக்காவிலும் எல்லாருக்கும் உண்டு. ஆயினும், சங்கம் சேர்ந்ததற்காகச் சட்ட விரோதமாக நீக்கப்பட்ட அனுமதியற்ற தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடு செய்ய வேண்டியதில்லை என்று 2002இல் சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முதலாளிக்கு அதுவும் ஓர் ஆதாயமாயிற்று.

நம் நாட்டில் ஒரு மாநிலத்தான் மற்றொரு மாநிலத்தில் அந்நியன் அல்லன். ஆயினும், பதிவேட்டிற் பெயரில்லாத தொழிலாளி இங்கும் உண்டு. இடையில் நிற்கும் காண்டிராக்டரும் உண்டு. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுக்கான கட்டடப் பணிகளில் நாட்கூலி 9 ரூபாய் 25 காசில் ஜமாதார்கள் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டனர். காண்டிராக்டர் செய்த பிழை என்று கூறிப் பணியின் உரிமையாளர் தப்ப முடியாது என்று நம் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றும் கூறிற்று. அதற்கு முன்பே, 1979ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம், காண்டிராக்டர் கூலி தரத் தவறினால் முதன்மை முதலாளியே தர வேண்டும் என்று விதித்திருந்தது. தொழிலாளிக்குப் புகைப்படத்துடன் ஒரு கையேடு தர வேண்டும் என்றும், விவரங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமன்றி, அவன் தாய்மொழியிலும் எழுதப்பட வேண்டும் என்றும் அது கூறியது.

அக்கையேட்டைக் கண்ணாற் கண்டோர் சிலரே. நாம் பணிபுரியும் நகரில், நம்முடன் வந்த கட்டடத் தொழிலாளியின் பெயர் எவருடைய பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டறிவது நம் கடமை. அப்பெயர் எழுதப்பட்ட இடத்திலேதான் முதலாளியின் பொறுப்பும் எழுதப்படுகிறது.